வீட்டு ஆடு மெலிவது ஏன்?

வீட்டுக் கோடியிலே ஒரு மறியாடு நின்றால் அக்குடும்பத்துக்கு அஃது ஒரு கைகாவல் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கண்டறிந்த உண்மை. காலையிலே பிள்ளைகளுக்குப் பாலும், தோட்டத்துக்கு எருவும், காலந்தவறாது குட்டியும் அது தரும். மழை பிழைத்து வேளாண்மை பொய்த்த ஆண்டிலும், பள்ளிக்கூடச் செலவுகள் ஒருங்கே வந்து நெருக்கிய வேளையிலும், ஒரு கிடாயை விற்று நிலைமையைச் சமாளித்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் எண்ணிறந்தன. பசு வாங்க வசதியில்லாத வீட்டிலும் ஆடு வாங்கலாம். வயல் இல்லாத வீட்டிலும் அதனை வளர்க்கலாம். ஆகவே, அத்தகைய ஆடொன்று கண்ணெதிரே நாளுக்கு நாள் மெலிந்து மடிவதென்பது சிறிய நட்டமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டிலேயே இந்நட்டம் நேர்ந்தது. இரண்டாம் ஈற்று மறி அது, சமுனாபாரிக் கலப்பு, காலிலே இரண்டு குட்டிகள். கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும், பின்வளவுத் தரையிலே புல் பச்சைப்பசேலென்று எழும்பியது. குழை முறிக்கும் வேலை மிச்சமென்று எண்ணி, ஆட்டைக் கொண்டுபோய் அப்புல்லிலே கட்டைக்குக் கட்டினோம். மூன்று கிழமையில் ஆடு மெலியத் தொடங்கியது. 'இரண்டு குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடல்லவா, தீனி போதவில்லை' என்று தவிட்டையும் பிண்ணாக்கையும் இரட்டித்தோம். அதுவோ வரவர உண்பதைக் குறைத்தது. பின்னர்த் தாடையின்கீழ் ஒரு வீக்கம் கண்டது. மழைக்குளிரால் வந்த தொண்டைக்கட்டு என்று மஞ்சள் அரைத்துப் பூசினோம். மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றிலே ஆடு எழும்பவில்லை. குட்டிகள் இரண்டும் அதன் மடியை முட்டிக்கொண்டு நின்றன.

அன்று வந்த மிருக வைத்தியர் ஆட்டின் கண்ணின் கீழிமையைப் புரட்டிக் காட்டினார். அது கடதாசிபோல் வெளுத்திருந்தது. பின்னர் இரைப்பையின் நாலாம் அறையைத் திறந்து காட்டினார். அங்கே, சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கினாற்போன்ற மெல்லிய புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்தன. "இந்த இமையைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்திருந்தால் ஆடு தப்பியிருக்கும், அம்மா" என்றார் அவர். எமது ஆடு பசியால் மெலியவில்லை. இரத்தம் வற்றி மெலிந்தது. நாம் வைத்த தீனி ஆட்டுக்குச் சேராமற் புழுவுக்கே சேர்ந்தது.

அன்று யாம் கற்றதையும், அதன்பின் கேட்டும் பார்த்தும் அறிந்ததையும் ஆடு வளர்க்கும் ஏனைய இல்லத்தாருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணை நம்பாதீர், கையை நம்புக

ஆட்டின் உடல்நிலையைக் கண்ணாற் பார்த்து மட்டிடுவது பெரும் பிழைக்கு இடமாகும். அடர்ந்த உரோமம் எலும்பை மறைத்துவிடும். புழுவுள்ள குட்டியின் பானை வயிற்றைக் கண்டு, 'நல்ல கொழுப்பு' என்று மகிழ்வோரும் உளர். ஆதலின், கையால் தொட்டுப் பார்ப்பதே சரியான முறை.

கடைசி விலாவெலும்புக்குப் பின்னால், இடுப்பின்மேல் உள்ளங்கையை வையுங்கள். முள்ளந்தண்டு கத்திமுனைபோற் கூராகத் தட்டுப்பட்டு, பக்கத்து எலும்புகளின்கீழ் விரல்கள் எளிதிற் புகுமாயின் அந்த ஆடு மிக மெலிந்தது; அதற்கு ஒரு புள்ளி. சற்று அழுத்தினால் மட்டுமே எலும்பு தெரிந்து, அதன் விளிம்பு மழுங்கியிருந்தால் மூன்று புள்ளி. வேண்டப்படும் நிலை இதுவே. எவ்வளவு அழுத்தியும் எலும்பு அகப்படாதாயின் ஐந்து புள்ளி. அது வேண்டாத கொழுப்பு. ஆடு கொழுப்பை முதுகிலும் பார்க்க வயிற்றுக்குள்ளேயே மிகுதியாகச் சேர்த்து வைக்கும் இயல்புடையது. ஆகையால் முன்னங்கால்களுக்கிடையே நெஞ்செலும்பின் மேலுள்ள சதையையும் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

நிறையை அறியத் தராசு இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. தையற்காரரின் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை எடுங்கள். பின்னர் தோள்முனையிலிருந்து பின்தொடையெலும்பின் முனைவரை உடலின் நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோகிராமில் நிறை கிடைக்கும். சுற்றளவு 70 சென்ரிமீற்றரும் நீளம் 65 சென்ரிமீற்றரும் உள்ள ஆடு ஏறத்தாழ 29 கிலோ நிறையுடையது. மாதந்தோறும் ஒரே ஆள், ஒரே வேளையில், தீனி வைக்குமுன் அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வந்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவை எழுத்துக் காட்டிவிடும்.

புல்லிலே காத்திருக்கும் பகை

ஆட்டின் குடலிற் பலவகைப் புழுக்கள் வாழும். அவற்றுள் வெப்ப நாடுகளில் ஆட்டைக் கொல்வதில் முதலிடம் பெறுவது, எமது ஆட்டைக் கொன்ற அந்த முறுக்கு நூற் புழுவே. விஞ்ஞானிகள் அதனை ஹீமோங்கஸ் என்பர். இரைப்பையின் நாலாம் அறையின் சுவரைக் குத்தி இரத்தம் உறிஞ்சுவதே அதன் தொழில். ஒரு புழு நாளொன்றுக்கு இழப்பிக்கும் இரத்தம் ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் ஆயிரம் புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றர் போய்விடும். 30 கிலோ ஆட்டின் உடலில் உள்ள இரத்தமோ ஏறத்தாழ இரண்டு லீற்றர். பத்து நாளில் அதன் காற்பங்குக்குச் சமமான இரத்தம் போகுமெனின், ஆடு எங்ஙனம் நிற்கும்? இரத்தத்திலுள்ள புரதம் குறையவே, நீர் கசிந்து தாடையின்கீழ்த் தேங்கும். யாம் மஞ்சள் பூசிய வீக்கம் அதுவே.

இப்புழு ஆட்டுக்குள் எவ்வாறு புகுகின்றது என்பதே நாம் கருத்தூன்றி அறியவேண்டியது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைகளுக்கு மேல் இடவல்லது. அவை புழுக்கையோடு நிலத்தில் விழும். வெம்மையும் ஈரமும் சேர்ந்த காலத்திலே, ஏறக்குறைய ஒரு கிழமையில் முட்டை பொரித்து, குடம்பியாகி, ஆட்டைப் பற்றத் தயாராகிவிடும். அக்குடம்பி புல்லின் மேலுள்ள பனியிலும் மழைநீரிலும் ஊர்ந்து மேலே ஏறும். ஆயினும் பெரும்பாலானவை நிலத்திலிருந்து ஐந்தாறு சென்ரிமீற்றர் உயரத்துக்குள்ளேயே நிற்கும். புல்லோடு அதனை விழுங்கிய ஆட்டின் வயிற்றிலே மூன்று கிழமையில் அது முதிர்ந்து மீண்டும் முட்டையிடும்.

கட்டையிற் கட்டிய ஆட்டின் நிலையை இப்பொழுது எண்ணிப் பாருங்கள். கயிறு எட்டும் வட்டத்துக்குள் அது புழுக்கை போடுகின்றது; அதே வட்டத்துக்குள் அடிப்புல்வரை கறும்புகின்றது. பத்து நாள் அங்கேயே நின்றால், தான் இட்ட முட்டையின் குஞ்சைத் தானே உண்கின்றது.

செம்மறியிலும் பார்க்க வெள்ளாட்டுக்கு இவ்விடர் பெரிது. வெள்ளாடு இயற்கையிலே புல் மேயும் பிராணியன்று. தலையை உயர்த்திப் பற்றைகளிலும் மரங்களிலும் குழை கடிக்கும் பிராணி. நிலத்துப் புழுவோடு அதன் இனம் மிகுதியாகப் பழகாமையால், புழுவை எதிர்க்கும் வல்லமை அதற்குக் குறைவு. அதன் வாயை நிலத்துக்கு இறக்கிவிட்டவர் நாமே.

கீழிமை சொல்லும் செய்தி

தென்னாபிரிக்காவிலே புழுவினால் ஆடுகள் பெருந்தொகையாக இறந்ததோடு, மருந்துகளும் பயனற்றுப் போன காலத்தில், அந்நாட்டு மிருக வைத்தியராகிய பஃபா மலான் என்பவரும் அவருடைய தோழர்களும் 1990களில் எளிய முறையொன்றை உருவாக்கினர். 'பமாச்சா' என்று அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. கீழிமையின் உட்புற நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அம்முறை. செக்கச்சிவந்த நிறம் ஒன்று; சிவப்புக் கலந்த இளஞ்சிவப்பு இரண்டு; இளஞ்சிவப்பு மூன்று; வெளிறிய இளஞ்சிவப்பு நான்கு; வெள்ளை ஐந்து.

பார்க்கும் விதம் இது: ஆட்டை வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருக, கொட்டில் இருட்டிலே பார்த்தால் நிறம் ஏமாற்றும். மேலிமையைப் பெருவிரலால் மூடிக் கண்ணை மெல்ல அழுத்தி, மற்றப் பெருவிரலாற் கீழிமையைக் கீழே இழுத்தால் உட்தோல் பிதுங்கித் தெரியும். உடனே பார்த்து உடனே விட்டுவிடுக. நெடுநேரம் இழுத்து வைத்தால் வெளுத்த இமையும் சிவந்து காட்டும். நான்கும் ஐந்தும் உடனே மருந்து வேண்டும் நிலை. குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு, முன்னரே மெலிந்த ஆடு ஆகியவற்றுக்கு மூன்றும் எச்சரிக்கையே.

மாரிகாலத்திலே இரு கிழமைக்கு ஒருமுறையேனும், குட்டி ஈன்ற ஆட்டுக்குக் கிழமைதோறும் இவ்வாறு பார்த்தல் வேண்டும். குட்டி ஈனுதற்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சில கிழமைகள் ஆட்டின் எதிர்ப்பு வலிமை தளர்ந்து, புழுவின் முட்டை பெருகுவது இயல்பு. எமது ஆடு அத்தளர்ச்சிக் காலத்திலேதான் ஈரப்புல்லுக்குப் போயிற்று. உண்ணி, பேன், ஈரற்றட்டையன் முதலியவற்றாலும் இமை வெளுக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

பூச்சி மருந்து: எப்போது, எவ்வளவு?

'மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து' என்பதே நம்மவர் பலரின் வழக்கம். அதனை இன்று அறிஞர் விலக்குகின்றனர். காரணம் எளியது. ஒரு மந்தையிலே ஒருசில ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. எல்லா ஆட்டுக்கும் மருந்து பருக்கினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே எஞ்சி, அதன் வமிசமே நிலமெங்கும் பரவும். தேவைப்பட்ட ஆட்டுக்கு மாத்திரம் கொடுத்தால், ஏனைய ஆடுகளிலுள்ள சாதாரணப் புழுக்கள் இருந்து அவ்வமிசத்தோடு கலக்கும். மருந்தின் வலிமையும் நெடுங்காலம் நிலைக்கும்.

குறைந்த அளவிற் கொடுப்பதும் இத்தீமையையே விளைவிக்கும். 30 கிலோ ஆட்டை 20 கிலோவென மட்டிட்டு மருந்து பருக்கினால், புழு சாவதில்லை, பழகிக்கொள்கின்றது. முன்னே சொன்ன அளவுநாடா இங்கேதான் தன் முழுப் பயனையும் தருகின்றது. வெள்ளாட்டின் ஈரல் மருந்துகளை விரைவில் வெளியேற்றிவிடுவதால், செம்மறிக்குச் சொல்லிய அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. எனினும், அளவை மீறினால் நஞ்சாகும் மருந்துகளும் உண்டு. ஆகவே நிறையைக் குறித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் சென்று அளவு கேட்பதே அறிவுடைமை. அல்பென்டசோல் என்னும் மருந்தைச் சினையின் முதல் மாதத்திற் கொடுத்தலாகாது. கருவுக்கு ஊறு செய்யும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாளுக்குப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பதையும் தவறாது கேட்டுக்கொள்ளுங்கள்.

வேப்பங்குழை புழுவைக் கொல்லும் என்று நம்பி இருப்போர் பலர். கசப்பான குழையும் துவர்ப்பான குழையும் ஆட்டுக்கு நல்லவையே. துவர்ப்புச் சத்தாகிய தனின் மிகுந்த குழைகள் புழுவின் பெருக்கத்தை ஓரளவு தடுப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆயினும் இமை வெளுத்த ஆட்டுக்கு வேப்பங்குழையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது, வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வரம்பு கட்டுவதற்கு ஒப்பாகும்.

தூங்கும் குழையே முதன்மருந்து

நமது பாட்டிமார் ஆட்டுக்கு எவ்வாறு தீனி வைத்தனர் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். கொக்கத்தடியால் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் முள்முருக்கங்குழையும் முறித்து, கட்டாகக் கட்டி, கொட்டில் வளையிலே ஆட்டின் தலைமட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள். ஆடு கழுத்தை நிமிர்த்தி, இலை இலையாகத் தெரிந்து கடிக்கும். நிலத்தில் விழுந்த குழையை அது மோந்தும் பாராது. 'ஆட்டுக்கு எவ்வளவு திமிர்' என்று நாம் சிரிப்பதுண்டு. அது திமிரன்று, தற்காப்பு. மரத்தின் மேலிருந்து வந்து, நிலத்தைத் தொடாது தூங்கும் குழையிலே குடற்புழுவின் குடம்பி இல்லை. புழுவின் பெயரும் வரலாறும் அறியாத அம்மூதாட்டியர், புழு ஏறமுடியாத உயரத்திலே தீனியை வைத்தனர்.

குழையின் பயன் இவ்வளவோடு நிற்பதன்று. புழுவை எதிர்த்து நிற்க ஆட்டுக்குப் புரதம் வேண்டும்; இழந்த இரத்தத்தை மீண்டும் ஆக்குவதற்கும் அதுவே வேண்டும். அகத்தி, முள்முருக்கு, சீமைக்கிளுவை, இப்பிலிப்பில் ஆகிய அவரைக் குடும்பத்து மரங்களின் இலையிலே, உலர்நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும் அதற்கு மேலும் புரதம் உண்டு. முற்றிய புல்லில் இதன் பாதிதானும் இல்லை. தீனியும் பூச்சியும் இரு வேறு காரியங்கள் என நாம் எண்ணுகின்றோம். உண்மையில், நல்ல குழையைத் தூக்கிக் கட்டுபவர் அவ்விரண்டையும் ஒரே கயிற்றாற் கட்டுகின்றார்.

எவ்வளவு குழை வேண்டும்? ஆடு தன் நிறையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்குவரை உலர்தீனி உண்ணும். 30 கிலோ ஆட்டுக்கு இது ஏறக்குறைய ஒரு கிலோ. பச்சைக் குழையிலே முக்காற்பங்கு நீராதலால், நாளொன்றுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ இலை வேண்டும். ஆடு ஒதுக்கும் தடி இதிற் சேராது. கடைத்தராசிலே ஒருமுறை உங்கள் குழைக்கட்டை நிறுத்துப் பாருங்கள். 'நிறையப் போடுகின்றோம்' என்ற நம்பிக்கை பல வீடுகளிற் பொய்த்துப்போகும்.

சில குழைகளில் எச்சரிக்கை வேண்டும். சீமைக்கிளுவையின் மணத்தை முதலில் ஆடு வெறுக்கும். மாலையில் முறித்து, வாடவிட்டு மறுநாட் காலையிற் கட்டினாற் பழகிக்கொள்ளும். இப்பிலிப்பிலில் மைமோசின் என்னும் நஞ்சுப்பொருள் உண்டு. மிகுந்தால் உரோமம் உதிர்ந்து, கழுத்துச் சுரப்பியும் வீங்கும். ஹவாய்த் தீவிலே ஆடுகள் இவ்விலையை உண்டும் நலமாக இருப்பதைக் கண்ட அவுஸ்திரேலிய ஆய்வாளர் றேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் வாழும் பற்றீரியா ஒன்றே அந்நஞ்சைச் சிதைக்கின்றது எனக் கண்டறிந்தார். அப்பற்றீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையொட்டியே பெயர் சூட்டினர். எல்லா ஆட்டுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லையாதலின், மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இப்பிலிப்பில் வேண்டாம். பச்சை மரவள்ளி இலையும் அலரி இலையும் ஆட்டின் உயிரையே குடிக்கக்கூடியவை. அவற்றை எட்டாத் தொலைவிலே வையுங்கள்.

அன்பினால் வரும் கேடு

மெலிவைப்போலவே மிகைக்கொழுப்பும் நோய்தான். இதற்குக் காரணம் பெரும்பாலும் நமது அன்பே. கலியாண வீட்டிலும் பொங்கல் நாளிலும் மிஞ்சிய சோற்றை வாளியோடு ஆட்டின்முன் வைத்துவிடுகின்றோம். மாப்பொருள் திடீரென மிகுந்தால் இரைப்பை புளித்து, வயிறு ஊதி, ஒரே இரவில் ஆடு இறத்தலும் கூடும். தவிட்டிலே பொசுபரசு மிகுதி. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. தவிட்டையே தின்று வளரும் கிடாய்க்குச் சலப்பையிற் கல் தோன்றிச் சிறுநீர் அடைபடுவது இதனாலேதான். குழை மிகுந்த தீனியில் இவ்விடர் குறையும்.

தவிடும் பிண்ணாக்கும் யாருக்கு வேண்டுமெனின், பால் தரும் ஆட்டுக்கும், சினையின் கடைசி ஆறு கிழமையில் நிற்கும் ஆட்டுக்கும், வளரும் குட்டிக்குமே. கறக்கும் ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் ஏறத்தாழ 400 கிராம் கலவை போதும். அதை இரண்டு வேளையாகப் பிரித்து, குழை தின்றபின் வைக்க வேண்டும். ஆட்டின் சினைக்காலம் 150 நாள். கருவின் வளர்ச்சி பெரும்பாலும் கடைசி ஒன்றரை மாதத்திலேயே நிகழும். அதற்குமுன் ஊட்டிக் கொழுக்கவைத்த ஆடு, இரட்டைக்குட்டி சுமக்கும் கடைசி நாள்களில் தீனியை வெறுத்துப் படுத்துவிடுவதும் உண்டு. உப்புக்கட்டியும் சுத்தமான நீரும் எந்நாளும் எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும்.

கொட்டிலும் குட்டியும்

குட்டி பிறந்து சில மணி நேரத்துக்குள் கடும்புப்பாலை வயிறாரக் குடித்தல் வேண்டும். அதன் எதிர்ப்பு வலிமை அங்கேதான் தொடங்குகின்றது. மூன்றாம் கிழமை முதல் குட்டிகளுக்கு இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால், அது புழுவாலன்றிக் கொக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வந்ததாக இருத்தல் கூடும். அதற்குப் பூச்சி மருந்து பயன்படாது. வேறு மருந்து வேண்டும். ஈரத்தரையும் நெருக்கடியுமே அதன் தாயகம். பனஞ்சலாகை பரப்பி, இடையிடையே புழுக்கை விழத்தக்க நீக்கல் விட்டு, நிலத்திலிருந்து உயர்த்திய பரண் கொட்டில் அமைப்போமாயின் இந்நோயும் குறையும். எருவும் வீணாகாது சேரும். மாடு கட்டும் இடத்துக்கு அணித்தாக ஆட்டைக் கட்டுவதும் நன்றன்று. மாட்டின் வயிற்றறையில் வாழும் செற்றாரியா என்னும் புழுவின் குஞ்சு, நுளம்பு வழியாக ஆட்டினுட் புகுந்து, வழிதவறி முள்ளந்தண்டு நாணை அடைந்து பின்கால்களை முடக்கிவிடும். இலங்கைக் குதிரைகளுக்கு வந்த இத்தகைய வாதத்தைப் பற்றி 1955ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரையொன்று வெளிவந்திருக்கின்றது.

குழை போதாமற் புல்லிலேதான் கட்டவேண்டுமெனின், நான்கு விதிகளைக் கடைப்பிடிக்கலாம். பனி உலர்ந்தபின் கட்டுக. அடிப்புல்லைக் கறும்பும்வரை விடாது, ஒரு சாண் உயரத்திலேயே ஆட்டை மாற்றுக. மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டையைப் பிடுங்கிப் புதிய இடத்தில் அறைக. விட்டுவந்த இடத்துக்கு ஐந்து கிழமைக்கு முன் திரும்பாதிருக்க. ஈரவெப்ப நாடாகிய தொங்காத் தீவிலே ஆட்டுப் பட்டியைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேயவிட்டு, 35 நாளில் ஒரு சுற்று வரச்செய்து, புழுவின் முட்டை வெகுவாகக் குறைந்ததைக் கண்டனர். இதன் பேறு 1994இல் வெளியாயிற்று. வெப்பநிலத்திலே குடம்பி விரைந்து தன் வலுவைச் செலவிட்டு, உண்பாரின்றி மடிந்துவிடும் என்பதே இதன் மறைபொருள்.

வேலி போனது, குழையும் போனது

இவ்வளவும் எழுதியபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. பாட்டிமார் அறிந்த முறை நம்மிடத்தே ஏன் மறைந்தது? விடை நமது வளவைச் சுற்றியே நிற்கின்றது. முன்னர்க் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்று வேலியாயின. ஆண்டுதோறும் வெட்ட வெட்டத் தழைத்தன. ஆட்டுக்குக் குழையும் அடுப்புக்கு விறகும் தந்தன. அவ்வேலியை அகற்றி மதில் எழுப்பினோம். மதில் குழைக்காது. குழை இல்லாத வீட்டிலே ஆடு புல்லுக்கு இறங்கிற்று. புல்லிலே புழு காத்திருந்தது.

மதிலை இடிக்கவேண்டும் என்று யாம் சொல்லவில்லை. எமது வளவில், மதிலின் உட்புறமாக ஆவணி மாதத்திலே சீமைக்கிளுவையும் முள்முருக்கும் பூவரசுமாகக் கதியால்களை நட்டோம். அவ்வாண்டு மாரியிலேயே அவை வேரூன்றின. தாயை இழந்த அவ்விரு குட்டிகளில் ஒன்று இன்று மூன்று முறை ஈன்ற மறியாடு. கார்த்திகை மழை விழுந்தால் அது கொட்டிலைவிட்டு இறங்குவதில்லை. வளையிலே தூங்கும் குழையைக் கழுத்து நிமிர்த்திக் கடித்துக்கொண்டு நிற்கின்றது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பாலைக் கறந்தபின், அதன் கீழிமையைப் புரட்டிப் பார்ப்பது எமது வீட்டிலே பிள்ளைகளின் வேலை. "இன்றைக்கும் சிவப்பு, அம்மா" என்று அவர்கள் சொல்லக் கேட்டபின்பே பாற்செம்பு அடுப்படிக்குப் போகும்.